இருபத்தொன்றாவது ஓட்டு

வெர்னெல் ஃபோன்டெனோ வாயைத் திறந்தால் ரிச்மண்ட் நகரத்தில் பாதிப் பேருக்குக் கேட்கும் என்பார்கள். பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்திரண்டு வருஷம், தினம் நானூறு பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போட்டவள். அப்பாவும் அம்மாவும் கப்பல் பட்டறை வேலைக்காக லூசியானாவிலிருந்து கலிபோர்னியாவுக்கு வந்து சேர்ந்தவர்கள். அவர்கள் காலத்துக்குப் பிறகு அவளுக்கென்று இருந்தது தம்பி ஆல்டன் ஒருவன்தான். டயர் கடையில் வேலை. வாரம் தவறாமல் அக்கா வீட்டுக்கு வந்து, சட்டியில் மிச்சமிருப்பதை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, உப்புக் கம்மி என்று குறை வேறு சொல்லிவிட்டுப் போவான்.

ஒரு சனிக்கிழமை பட்டப்பகலில் பெட்ரோல் பங்கில் நின்றிருந்தான். யாரோ யாரையோ சுட்டார்கள். நடுவில் மாட்டிக்கொண்டு செத்தது இவன். சுட்டவன் காரில் ஏறிப் பறந்துவிட்டான். தரையில் கிடந்தவை ஒன்பது காலித் தோட்டா ஓடுகள். பங்கில் அத்தனை பேர் இருந்தும் ஒருவர் கண்ணிலும் எதுவும் படவில்லையாம்.

வழக்கு டிடெக்டிவ் மொரிமோட்டோ கையில். நல்ல மனுஷர். வருஷா வருஷம் அந்தத் தேதியில் வெர்னெல் சர்க்கரைவள்ளிக்கிழங்கு வைத்து ஓர் இனிப்பு அப்பம் சுட்டு எடுத்துக்கொண்டு அவர் மேசைக்கு எதிரே போய் உட்காருவாள். அவரும் வருஷா வருஷம் அதே பதிலைச் சொல்வார்.

"ஒம்பது ஓடும் பத்திரமா இருக்கும்மா. ஒரே துப்பாக்கிலேர்ந்து வந்ததுதான். அந்தத் துப்பாக்கி மட்டும் கெடைச்சா, வெச்சுப் பொருத்திப் பாத்து ஆளைப் பிடிச்சிடலாம்."

"துப்பாக்கியே கெடைச்சுட்டா அப்புறம் ஓடு எதுக்குங்க? திருடனைப் பிடிச்சுக் குடுத்தா திருட்டைக் கண்டுபிடிச்சுத் தரேங்கறீங்க!"

ஆறாவது வருஷம் அவர் வழக்கமான பதிலைச் சொல்லவில்லை. அப்பத்தில் ஒரு துண்டை வெட்டித் தட்டில் வைத்துக்கொண்டே, "சாக்ரமென்டோல, சட்டசபைல, ஒரு மசோதா வந்திருக்கு. காதுல விழுந்துதா?" என்றார்.

விழவில்லை. அவர் விளக்கினார். விசையை அழுத்தும்போது துப்பாக்கிக்குள்ளே ஒரு ஊசி பாய்ந்து தோட்டாவின் பின்புறத்தில் அடிக்கும். அந்த ஊசியின் நுனியில் லேசரால் பொடிப்பொடி எழுத்துகளைச் செதுக்கிவிட்டால், அடிக்கிற அடியில் எழுத்து ஓட்டில் பதிந்துவிடும். எந்தக் கம்பெனி, எந்த மாடல், அந்தத் துப்பாக்கியின் நம்பர் என்ன என்று எல்லாம் அதிலிருந்து தெரியும். இனி மாநிலத்தில் விற்பனைக்கு வரும் புதிய கைத்துப்பாக்கிகளில் இது இருந்தே ஆக வேண்டும் என்பதுதான் மசோதா.

வெர்னெலால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. "அப்போ ஓடே பேசும்னு சொல்றீங்க!"

"பேசும்."

"நான் எங்க போகணும்? யாரைப் பாக்கணும்?"

அடுத்த வாரமே தேவாலயத்துப் பேருந்தில் பத்தொன்பது பெண்களைத் திரட்டிக்கொண்டு அவள் சாக்ரமென்டோ போனாள். எல்லோரும் யாரையாவது பறிகொடுத்தவர்கள். சட்டமன்றக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஓர் அறை. அங்கே ஒரு வயதான பொறியாளர் மைக்ராஸ்கோப்பில் ஒரு தோட்டா ஓட்டை வைத்துவிட்டு, வருகிறவர்களையெல்லாம் வா வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வெர்னெல் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தாள். முதலில் மஞ்சளாய் ஏதோ கலங்கலாகத் தெரிந்தது. அவர் ஒரு திருகைத் திருப்பினார். நிலவில் பள்ளம் விழுந்த மாதிரி ஒரு வட்டம். அதன் நடுவில் எட்டு எழுத்து, வரிசையாக, அச்சடித்தாற்போல.

"தெரியுது!" என்று அவள் கத்தியதில் வராந்தாவில் போன காவலர் உள்ளே எட்டிப் பார்த்தார். "ஏண்டி, வாங்கடி, எல்லாரும் வந்து பாருங்கடி! படிக்கவே முடியுது!"

பத்தொன்பது பேரும் வரிசை கட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி அழுதாள். ஒருத்தி இரண்டாம் தடவையும் வரிசையில் வந்து நின்றாள். கூட்டம் கொஞ்சம் விலகியதும் வெர்னெல் பொறியாளரிடம் மெதுவாகக் கேட்டாள்.

"எந்தம்பி கேஸ்ல போலீஸ்கிட்ட இருக்கற ஒம்பது ஓட்டுல இந்த மாதிரி ஏதாவது படிக்க முடியுமா?"

அவர் மழுப்பவில்லை. "முடியாதும்மா. பழைய துப்பாக்கில இந்த எழுத்து கெடையாது. சட்டம் வந்தாலும் இனிமே வர்ற புது மாடலுக்குத்தான்."

அவள் வெளியே போய்க் குழாயில் தண்ணீர் குடித்தாள். பிறகு உள்ளே வந்து கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "சரி, மசோதா எந்த அறைல நடக்குது? காட்டுங்க."

அந்தக் கோடை முழுக்க அவளுக்கு அதுதான் வேலை. பள்ளிக்கூடம் விடுமுறை. மசோதாவை ஆராயும் குழுக்களின் விசாரணை ஒன்றுகூட விடாமல் போனாள். போகிற இடமெல்லாம் எதிர்ப்பக்கத்து வரிசையில் ஓர் ஆளும் விடாமல் வந்துகொண்டிருந்தார். டேல் ஹென்ட்ரிக்ஸன், மலையடிவாரத்து ஊரொன்றில் துப்பாக்கிக் கடை வைத்திருப்பவர். வெள்ளை மீசை, மாட்டுத்தோல் பெல்ட். முதல் நாள் வராந்தாவில் இருவரும் முட்டிக்கொண்டார்கள்.

"நகத்தை ராவற அரம் இருக்கு பாருங்க, அது போதும். ரெண்டு நிமிஷத்துல அந்த எழுத்தைத் தேய்ச்சு எடுத்துடுவேன்" என்றார் டேல்.

"நீங்க எடுத்துடுவீங்க, கைத்தொழில் தெரிஞ்சவரு. எந்தம்பியைச் சுட்டவனுக்கு ஓட்டைக் குனிஞ்சு பொறுக்கிட்டுப் போகக்கூடப் புத்தியில்ல. அவனா உக்காந்து அரம் போடப் போறான்?"

"பொறுக்கிட்டுப் போவான். சுட்டுப் பழகற மைதானத்துலேர்ந்து வேற எவனோட ஓட்டையாவது அள்ளிட்டு வந்து எறைச்சும் போவான். அப்போ என் கடையில ஒழுங்கா வாங்கின ஒரு அப்பாவி வீட்டுக் கதவைப் போலீஸ் தட்டும்."

"தட்டட்டுமே! கேக்கட்டுமே! ஆறு வருஷமா எங்க தெருவுல யார் வீட்டுக் கதவையும் யாரும் தட்டலியே, ஐயா!"

அவர் சட்டைப்பையிலிருந்து சூரியகாந்தி விதைப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். அவள் ஒரு பிடி அள்ளிக்கொண்டாள். அன்று தொடங்கி, உள்ளே போனால் சண்டை, வெளியே வந்தால் விதை என்று ஆகிவிட்டது.

மசோதா கீழவையைத் தாண்டியது. குழுக்களையும் தாண்டியது. செப்டம்பரில், வெயில் தாரை உருக்கும் ஒரு நாளில், மேலவையில் ஓட்டுக்கு வந்தது. மொத்தம் நாற்பது பேர், நிறைவேற இருபத்தொரு ஓட்டு வேண்டும். வெர்னெல் பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, தேவாலயத்துப் பேருந்தில் அதே பெண்களோடு வந்து, பார்வையாளர் மாடத்தின் முதல் வரிசையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாலு நாற்காலி தள்ளி டேல்.

செயலாளர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். ஆம். இல்லை. ஆம். ஆம். இல்லை. வெர்னெல் விரலை மடக்கி மடக்கி எண்ணினாள். விரல் போதாமல் பக்கத்துப் பெண்ணின் விரலையும் பிடித்து மடக்கினாள். "பெட்டன்கோர்ட்" என்று கூப்பிட்டபோது கீழேயிருந்து சத்தமே வரவில்லை. கனத்த உடம்போடு ஓர் ஆள் தன் மேசைக் காகிதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை.

ஆம் இருபது. இல்லை பதினேழு.

மசோதா கொண்டுவந்தவர் எழுந்து, முடிவை நிறுத்தி வைக்கும்படி கேட்டார். அவையில் அது வழக்கம்தான். ஓட்டுப் போடாதவர்களுக்கு அன்றைக்கே இன்னொரு வாய்ப்பு, அவ்வளவுதான். அதற்குள் மதிய இடைவேளை வந்துவிட்டது.

பெட்டன்கோர்ட் எழுந்து வாசலை நோக்கி நடந்தார். வெர்னெலும் எழுந்தாள். ஐம்பத்து நாலு வயசு, முட்டிவலி. அந்தப் பளிங்குப் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கினாள். பின்னால் பூட்ஸ் சத்தம். திரும்பிப் பார்த்தால் டேல்! அவருக்கும் அதே ஆள்தான் வேண்டும். லிஃப்ட் கதவு மூடப்போகிற நேரத்தில் அவள் கைப்பையை நடுவில் நீட்டினாள். கதவு திறந்துகொண்டது. இருவரும் ஒரே நேரத்தில் உள்ளே நுழைந்து தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள்.

பெட்டன்கோர்ட் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அஞ்சாவது மாடி வரைக்கும் நேரம் இருக்கு. லிஃப்ட் கிழடு. யார் மொதல்ல?"

"அவங்க பேசட்டும்" என்றார் டேல், மூச்சு வாங்கிக்கொண்டே.

வெர்னெல் மனப்பாடம் பண்ணி வைத்திருந்த பேச்சில் ஒரு வார்த்தைகூட நினைவுக்கு வரவில்லை. அந்த ஆள் பள்ளத்தாக்குப் பால்பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர் என்பது மட்டும்தான் ஞாபகம் இருந்தது.

"ஐயா, நான் பள்ளிக்கூடத்துல சமைக்கறவ. மூணு வருஷம் முன்னாடி ஒரு நாள் காலைல, பால் குடிச்ச பிள்ளைங்க வயித்தைப் புடிச்சுக்கிட்டு வரிசையா வந்து நின்னுதுங்க. நான் குப்பைத்தொட்டியக் கவுத்து, ஒரு காலி பால் டப்பாவ எடுத்து, அதுல பொடி எழுத்துல ஒரு நம்பர் இருக்கும் பாருங்க, அதைப் போன்ல படிச்சுக் காட்டினேன். மத்தியானத்துக்குள்ள எந்தப் பண்ணை, எந்த எந்திரம், எந்த நேரத்துல ஊத்தினதுன்னு கண்டுபிடிச்சு, நாப்பது பள்ளிக்கூடத்துப் பாலைத் திருப்பி எடுத்துட்டாங்க. ஒரு காலி டப்பாவை வெச்சுக்கிட்டு! எந்தம்பி செத்த எடத்துல ஒம்பது காலி ஓடு கெடந்துச்சுங்க. ஒண்ணுலயும் ஒரு எழுத்தில்ல."

லிஃப்ட் மூன்றாவது மாடியைத் தாண்டியது.

"துப்பாக்கி திருட்டுப் போனதா இருந்தா? நம்பர் மொதல்ல வாங்கினவன் பேரைத்தானே காட்டும்?" என்றார் பெட்டன்கோர்ட்.

"எங்கேருந்து திருட்டுப் போச்சுன்னாவது தெரியுமே! அந்த நுனியப் புடிச்சுக்கிட்டு மேல போகலாமில்ல? எனக்கு இப்போ புடிக்கறதுக்கு நுனியே இல்லீங்க."

அவர் திரும்பினார். "டேல், நீங்க சொல்லுங்க."

டேல் மீசையைத் தடவிக்கொண்டார். "எனக்கு இந்தச் சட்டம் புடிக்கல, செனட்டர். துப்பாக்கி விலை ஏறும், கம்பெனிக்காரன் இந்த மாநிலத்துக்குச் சரக்கே அனுப்ப மாட்டான். அதுல எனக்குச் சந்தேகமே இல்ல." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா அந்தம்மா பால் டப்பாவப் பத்திச் சொன்னதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. இருக்குன்னு சொன்னா பொய்."

கதவு திறந்தது. பெட்டன்கோர்ட் இறங்கிப் போய்விட்டார்.

"என்னய்யா இப்படிச் சொல்லிட்டீங்க?" என்றாள் வெர்னெல், நம்ப முடியாமல்.

"வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்கத் தெரியலம்மா எனக்கு. எம் பொண்டாட்டியும் இதைத்தான் சொல்லுவா."

இரண்டரை மணிக்கு அவை மறுபடி கூடியது. நிறுத்தி வைத்த ஓட்டை எடுத்தார்கள். வாய் திறக்காத மூன்று பெயர்களை மட்டும் செயலாளர் மறுபடி வாசித்தார். முதல் ஆளிடமிருந்து பதில் இல்லை. இரண்டாவது, "பெட்டன்கோர்ட்."

அவர் நாற்காலியை நகர்த்தினார். வெர்னெல் கம்பிக்கு மேல் எட்டிக் குனிந்தாள்.

"ஆம்."

மாடத்தில் சத்தம் போடக் கூடாது என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. வெர்னெலின் கத்தலில் கீழே நாற்பது தலையும் ஒரேயடியாக மேலே நிமிர்ந்தன. காவலர் ஓடி வந்தார். அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். "அம்மா, வெளிய வந்துடுங்க" என்றார் காவலர் தணிந்த குரலில். வெளியே வந்ததும், "எங்க மாமா பையனும் இப்படித்தான் போனான்" என்று சொல்லி அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

பேருந்து ஊர் திரும்பும் வழியெல்லாம் பாட்டுத்தான். நடுவழியில் வண்டியை நிறுத்தி, வறுத்த கோழிக் கடையில் இருந்ததையெல்லாம் வாங்கித் தீர்த்தார்கள். கூட வந்திருந்த தேவாலயத்துப் பாஸ்டர் குயின்சி, எண்பது கிலோ ஆள், வண்டி நிறுத்துமிடத்தில் கோழிக்காலைக் கையில் வைத்துக்கொண்டு ஆடினார்.

இன்னும் ஆளுநர் கையெழுத்து பாக்கி. போடுவாரா மாட்டாரா என்று ஒரு மாதம் நாளை எண்ணினாள். பிறகு சட்டமானாலும் அது நடைமுறைக்கு வர வருஷக்கணக்கில் இழுத்தடித்தது, டேல் சொன்னபடியே கம்பெனிகளும் முரண்டு பிடித்தன. அது தனி வயிற்றெரிச்சல். ஆல்டனின் வழக்கு இன்றுவரை முடியாமல்தான் கிடக்கிறது. வெர்னெலைக் கேட்டால் இதையெல்லாம் அவளே முதலில் சொல்லிவிடுவாள், ஒளிக்க மாட்டாள்.

ஆனால் கையெழுத்து விழுந்த அந்த அக்டோபர் சனிக்கிழமையை அவளிடமிருந்து யாராலும் பிடுங்க முடியாது. துணி துவைக்கும் கடையில், சுழலும் எந்திரத்துக்கு முன்னால், கையில் ஈரத் துண்டோடு நின்றிருந்தாள். போன் அடித்தது. மொரிமோட்டோ.

"வெர்னெல், போட்டுட்டாரு."

"எதை?"

"கையெழுத்தைத்தாம்மா! சட்டமாயிடுச்சு!"

அவள் துண்டைத் தலைக்கு மேலே சுழற்றி வீசினாள். அது பக்கத்தில் படுக்கை விரிப்பு மடித்துக்கொண்டிருந்த ஒரு மெக்ஸிகோ அம்மாளின் தோளில் போய் விழுந்தது. வெர்னெல் ஓடிப்போய் அந்த அம்மாளைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"என்னாச்சுங்க? லாட்டரியா?" என்றாள் அந்த அம்மாள் திகைத்துப்போய்.

"லாட்டரியா! உக்காருங்க, சொல்றேன். துணி காய இன்னும் நாப்பது நிமிஷம் இருக்கில்ல?"

இருவரும் பிளாஸ்டிக் நாற்காலியில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். வெர்னெல் அந்த அம்மாளின் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, பெட்ரோல் பங்கில் ஆரம்பித்தாள்.