படுவான்கரைச் சோளனும் மெக்சிக்கோ ரொட்டியும்

அந்த நாட்களில் இந்தத் தீவில் மெக்சிக்கோ நாட்டுச் சாப்பாடு சரியாகக் கிடைத்த இடம் ஒன்றுதான். அது கொழும்பில் இல்லை. மட்டக்களப்பு நகரத்துக்கு வெளியே, பாலம் கடந்து கல்லடிக்குள் போனால், ஒரு மணல் ஒழுங்கையின் கடைசி வீட்டுக் குசினியில் இருந்தது. சமைத்தது நான். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

சண்டைக் காலம். என் கணவர் வாவியில் வலை போடுகிறவர். இரவில் தோணி இறக்கக்கூடாது என்று இராணுவம் தடை போட்ட பிறகு அவருடைய தொழில் பாதியாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் வேலை செய்ய வந்திருக்கும் வெளிநாட்டு டொக்டர்மாருக்குச் சமைக்க ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஆரையம்பதியிலிருந்து சைக்கிளில் போய்க் கேட்டேன். பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷ் கொஞ்சம் மிச்சமிருந்தது. அடுத்த நாளே கல்லடியில் அவர்கள் தங்கியிருந்த வீட்டுக்கு வரச் சொல்லிவிட்டார்கள்.

அந்த டொக்டர்மார் தங்கமான ஆட்கள். ஆனால் நாக்குத்தான் இல்லை. காரத்துக்கு ஒரு கொச்சிக்காய் படாத மீன், அவித்த உருளைக்கிழங்கு, பேக்கரிப் பாண். இதையே சமைத்துச் சமைத்து என் கைப்பக்குவம் எனக்கே மறந்துவிடும் போலிருந்தது. அப்போதுதான் மெக்சிக்கோவிலிருந்து சத்திரசிகிச்சை செய்கிற ஒரு பெண் டொக்டர் வந்து சேர்ந்தார்.

என்னைவிட இரண்டொரு வயது இளையவராக இருக்கும். எங்களைப் போலவே மாநிறம், குள்ளம், முதுகு வரைக்கும் ஒற்றைப் பின்னல். வந்த கிழமையே சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் அவரை மறித்து அடையாள அட்டை கேட்டிருக்கிறான். கூடப் போன வெள்ளைக்கார டொக்டர்மாரைக் கையசைத்து அனுப்பிவிட்டு இவரை மட்டும் வெயிலில் நிறுத்தி வைத்தானாம். அதை அவர் கோபமில்லாமல், ஏதோ பரிசு கிடைத்த மாதிரிச் சிரித்துச் சிரித்துச் சொன்னார்.

முதல்நாள் மதியம் மேசையில் நான் வைத்த மீனைப் பார்த்தார். எழும்பி நேரே குசினிக்குள் வந்தார். சுளகில் கிடந்த பச்சைக் கொச்சிக்காயில் ஒன்றை எடுத்துக் கடித்தார். நான் தண்ணீருக்கு ஓடினேன். அவரோ கண்ணை மூடி மென்று விழுங்கிவிட்டு இன்னும் நாலைந்தை அள்ளிக்கொண்டு மேசைக்குப் போனார். இந்த வாய்க்குச் சமைக்கலாம் என்று எனக்கு அப்போதே பட்டுவிட்டது.

சில மாதம் கழித்து லீவில் கொழும்புக்குப் போய்வந்தவரின் முகம் சரியில்லை. என்ன நடந்தது என்று கேட்டேன்.

"பெரிய ஹோட்டல், அக்கா. வாசலில் என் நாட்டுக் கொடி. பெரிய பெரிய தொப்பி போட்ட பொடியன்மார். ஆசையோடு போய் இருந்தேன். கோதுமை மாவில் அப்பளம் பொரித்து, மேலே தக்காளி சோஸ் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார்கள்." அவர் இங்கிலீஷில்தான் பேசினார். 'அக்கா' மட்டும் தமிழ். "எங்கள் ரொட்டி கோதுமையில் இல்லை. சோளத்தில் செய்வது. சோளம் இல்லாவிட்டால் நாங்கள் இல்லை."

"சோளனா? சோளன் எண்டா படுவான்கரையில குவிஞ்சு கிடக்குது டொக்டர். நான் செஞ்சு தாறன்."

வாய் முந்திவிட்டது. சொன்ன பிறகு விடவும் முடியாது.

படுவான்கரை என்பது வாவிக்கு மேற்கே, பொழுது படுகிற பக்கம். அங்கே அப்போது இராணுவத்தோடு சண்டை பிடித்த இயக்கத்தின் ஆட்சி. கிழக்கே நாங்கள் இருந்த கரையில் இராணுவம். நடுவில் தண்ணீர். ஆனாலும் சனம் வாழ வேண்டுமே. எங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள மண்முனைத் துறைக்கு அக்கரைப் பெண்கள் விறகும் தயிரும் காடு வெட்டிச் செய்த சேனையில் விளைந்த சோளனும் சுமந்துகொண்டு வருவார்கள். அவர்களில் ஒருத்தியிடம் முற்றிக் காய்ந்த சோளன் கதிர்களை வாங்கி வந்தேன்.

முதலில் உதிர்த்து, இடித்து, அரித்து, சுடுதண்ணீர் விட்டுக் குழைத்தேன். தட்டினால் ஓரமெல்லாம் வெடித்தது. கல்லில் போட்டால் பொலபொலவென்று உடைந்தது. துருவின தேங்காய்ப்பூப் போட்டு ஒட்டவைத்துக் கொடுத்தேன். சாப்பிட்டுப் பார்த்தார். "ருசிதான் அக்கா. ஆனால் இது இலங்கை." அடுத்த முறை கோதுமை மாவைக் கொஞ்சம் கலந்தேன். ஒரு கடி கடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "இது கொழும்பு ஹோட்டல்."

எனக்கு ரோசம் வந்துவிட்டது. "அப்ப உங்கட அம்மா எப்பிடித்தான் செய்வா?" என்று கேட்டேன்.

விடிகிறபோது எழும்பினால் மா தயாராக இருக்கும், தட்டிச் சுடுவது மட்டும்தான் தன் வேலை என்றார். பிறகு ஞாபகம் வந்தவராக, "முதல்நாள் பின்னேரம் அம்மா சோளத்தை அவிக்கப் போடுவாள். தண்ணீரில் லைம் போடுவாள். விடியத் தோல் தானாகக் கழன்றுவிடும்" என்றார்.

லைம் என்றால் எனக்குப் புளிக்கிற தேசிக்காய். இவ்வளவுதானா என்று வேலியோரத்து மரத்தில் நல்ல காயாகப் பறித்து, பிழிந்து, சோளனை அதில் போட்டு அவித்தேன். மணி அவிந்ததே தவிர தோல் கழலவில்லை. வீடு முழுக்க ஊறுகாய் வாசம். டொக்டர் வந்து பானைக்குள் எட்டிப் பார்த்தவர், மிதந்த தேசிக்காய்த் தோலைக் கண்டதும் கதவைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். சிரித்து முடியாமல், கையை நீட்டிக் குசினிச் சுவரைக் காட்டினார். வெள்ளைச் சுவர். போய் அதை நகத்தால் சுரண்டி, விரலில் ஒட்டின பொடியைக் கொண்டுவந்து என் முகத்துக்கு முன்னால் பிடித்தார்.

"சுண்ணாம்பு!" என்று கத்தினேன். "எடியே, சுண்ணாம்பு!"

டொக்டரை 'எடியே' என்றது எனக்கே பிறகுதான் உறைத்தது. இங்கிலீஷில் இரண்டுக்கும் ஒரே சொல் என்று எனக்கு எப்படித் தெரியும்? சுண்ணாம்புக்கு நாங்கள் எங்கே போக வேண்டும்! வாவிக்கரையில் மட்டி ஓடு பொறுக்கிச் சுட்டுத்தானே வெற்றிலைக்குச் சுண்ணாம்பு எடுக்கிறோம்.

முதல் தடவை சுண்ணாம்பு கூடிப்போய் மா மஞ்சளாகிக் கசந்தது. நாக்கும் வெந்தது. ஆரையம்பதியில் என் வீட்டில் வைத்துத் திரும்பத் திரும்ப அளவைக் குறைத்துப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டே நின்றாள். "என்னகா இது, மாட்டுக்குத் தீன் வைக்கிறியா?" என்று எங்கள் ஊர் 'கா' இழுவையோடு கேட்டாள். ஒருநாள் காலையில் ஊறின சோளனைக் கைக்குள் வைத்துக் கசக்கினேன். தோல் தானாக வழுகிக்கொண்டு வந்தது. உள்ளே மணி பளபளவென்று இருந்தது. இதுதான் என்று கை சொன்னது.

நாலைந்து தண்ணீரில் அலசி, ஒரு சட்டியில் போட்டுக் கட்டி, அடுத்த முறைக்கென்று ஒரு பொட்டலம் சுண்ணாம்புப் பொடியும் எடுத்துக்கொண்டு சைக்கிளில் கல்லடிக்கு வெளிக்கிட்டேன். வழியில் சாவடி. ஒரு இளம் ஆமிக்காரன் பொட்டலத்தைப் பிரித்தான். வெள்ளைத் தூளைக் கண்டதும், வெடிமருந்து என்று நினைத்தானோ, அவன் முகம் மாறியது. தோளில் தொங்கின துவக்கைச் சரிசெய்துகொண்டு பின்னால் நின்றவனைக் கூப்பிட்டான்.

எனக்குத் தெரிந்த சிங்களம் கொஞ்சம்தான். "ஹுனு, மாத்தயா, ஹுனு" என்றேன். சுண்ணாம்பு என்று அர்த்தம். அவன் நம்பவில்லை. ஒரு சிட்டிகை எடுத்து என் நாக்கில் வைத்துக் காட்டினேன். பிறகு சட்டியைத் திறந்தான். சோளனைக் கண்டதும், "இரிங்கு!" என்று அவனே அதன் பெயரைச் சொன்னான். அவனும் சேனை செய்கிற ஊர்க்காரனாக இருக்க வேண்டும். ஒரு மணியை எடுத்து நசுக்கி, மோந்து பார்த்து, மற்றவனிடம் ஏதோ சொன்னான். இரண்டு பேரும் சிரித்தார்கள். சுண்ணாம்பில் சோளன் அவிக்கிற பைத்தியக்காரி என்று சொல்லியிருப்பார்கள். சொல்லட்டும். எனக்குப் பாதை விட்டார்களே, அது போதும்.

அன்றைக்கு டொக்டர் வீட்டில் இல்லை. முந்தின நாள் எங்கோ ஷெல் விழுந்து காயக்காரர்களை ஏற்றிவந்த வாகனங்கள் ஆஸ்பத்திரி வாசலில் வரிசையாக நின்றதாக மற்றவர்கள் சொன்னார்கள். அவர் சத்திரசிகிச்சை அறையிலிருந்து வெளியே வரவே இல்லையாம். நான் சோளனை அம்மியில் வைத்து ஈரத்தோடு பட்டுப்போல அரைத்தேன். இரண்டு வாழையிலைத் துண்டுக்கு நடுவில் உருண்டையை வைத்து அமத்தினேன். ஓரம் வெடிக்கவில்லை. சூடேறின மண் ஓட்டில் போட்டேன். ஒரு பக்கம், மறுபக்கம், திரும்ப முதல் பக்கம். நடுவில் மூச்சு எடுத்த மாதிரி ரொட்டி பொங்கிக்கொண்டு எழும்பியது.

பின்னேரம் அவர் வந்தார். கண் உள்ளே போயிருந்தது. சாப்பாடு வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு அறைப்பக்கம் போனவர், பாதி வழியில் நின்றார். மணம் அவரைப் பிடித்துவிட்டது. திரும்பிக் குசினிக்குள் வந்தார். ஒன்றை எடுத்தார். உப்புத் தூவிச் சுருட்டினார். நின்றபடி தின்றார். இன்னொன்று எடுத்தார்.

எனக்குப் பொறுக்க முடியவில்லை. "டொக்டர், இது எந்த ஊர்?"

வாய் நிறைய வைத்துக்கொண்டு, "எங்கட வீடு" என்று தமிழில் சொன்னார். பிறகு விறாந்தைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "மத்த டொக்டர்மாருக்குச் சொல்ல வேணாம், அக்கா" என்றார்.

மற்றதெல்லாம் சுலபமாக வந்தது. தக்காளியையும் கொச்சிக்காயையும் தணலில் சுட்டு வெங்காயத்தோடு அம்மியில் நசுக்கினால் அவர்கள் ஊர்ச் சம்பல். கவ்பிப் பயறை அவித்து மசித்தால் அவர்கள் ஊர் அவரை. நாங்கள் கறிக்குப் போடாத மல்லியிலைக்காக, கிணற்றடியில் கடை மல்லியையே விதைத்து முளைக்க வைத்தேன். வாவி இறாலைக் கொச்சிக்காயில் பிரட்டி ரொட்டிக்குள் வைத்துக் கொடுத்தபோது, இப்படியொன்று தன் ஊரிலேயே கிடையாது என்று அவர் சொன்னார். பேச்சு எப்படியோ வெளியே பரவியது. திருகோணமலைக்கும் அம்பாறைக்கும் வேலையாகப் போகிற வெளிநாட்டுக்காரர்கள் கல்லடி வீட்டில் மதியச் சாப்பாடு விழுகிற மாதிரிப் பயணத்தை வைத்துக்கொண்டார்கள்.

ஒருமுறை டொக்டரின் நாட்டிலிருந்தே தலைநரைத்த பெரிய டொக்டர் ஒருவர் வேலையைப் பார்வையிட வந்தார். மேசையில் ரொட்டியை எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். அவர்கள் மொழியில் ஏதோ கேட்டார். மா எங்கேயிருந்து இறக்குமதி செய்கிறீர்கள் என்று கேட்கிறார் என்று டொக்டர் எனக்குச் சொன்னார். நான் சன்னலுக்கு வெளியே வாவிப் பக்கம் கையைக் காட்டினேன். அந்த மனிதர் நம்பவில்லை. சாப்பாட்டுப் பீங்கானோடு எழும்பிக் குசினிக்குள் வந்துவிட்டார். ஊறிக்கொண்டிருந்த பானையையும், அம்மியையும், சுண்ணாம்புக் கிண்ணத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். அம்மிக் குழவியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி ஒரு கேள்வி கேட்டார்.

டொக்டர் சிரித்தார். "எங்கள் நாட்டில் நீங்கள் எந்த ஊர் என்று கேட்கிறார், அக்கா."

"ஆரையம்பதி எண்டு சொல்லுங்க" என்றேன்.

அடுத்த வருடம் சண்டை கடுமையாகிப் பாதை பூட்டப்பட்டது. கொழும்பு லொறி வரவில்லை. கோதுமை மா முதலில் விலை ஏறியது, பிறகு கடைகளில் இல்லாமலே போனது. பேக்கரி அடுப்பு அணைந்தது. ஆரையம்பதியில் எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள் காலையில் வெறும் தேயிலைத் தண்ணீரோடு பள்ளிக்கூடம் போனார்கள். ஆனால் மண்முனைத் துறைக்குச் சோளன் மட்டும் வந்துகொண்டிருந்தது. அதைச் சனம் அவித்துத் தின்று பார்த்தது. இடித்துக் களி கிண்டியும் பார்த்தது. பிள்ளைகள் தொண்டையில் குத்துகிறது என்று துப்பினார்கள்.

நான் முற்றத்தில் பெரிய பானையை ஏற்றினேன். என் கணவர் மட்டி ஓடு பொறுக்கிச் சுட்டுத் தந்தார். முதல்நாள் பிள்ளைகளுக்கு மட்டும் சுட்டுக் கொடுத்தேன், ஒள்ளம், கொஞ்சமே கொஞ்சம், தேங்காய்ச் சம்பலோடு. இரண்டாம் நாள் தாய்மாரும் பின்னாலேயே வந்தார்கள். வேலிக்கு மேலால் என்னைப் பார்த்துச் சிரித்த அந்தப் பக்கத்து வீட்டுக்காரியும் சட்டியோடு வந்து நின்றாள்.

"எனக்கும் காட்டித் தாகா. எவ்வளவு சுண்ணாம்பு?"

"மாட்டுத் தீன் எண்டு சொன்னாய்?"

"அது அப்ப. மறுகா பேசுவம். இப்ப அளவச் சொல்லு."

சொல்லிக் கொடுத்தேன். அந்தக் கிழமை முடிவதற்குள் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு அம்மிச் சத்தம் கேட்டது. பாதை திறந்து மா வரும்வரை எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள் ஒருவரும் பசியோடு பள்ளிக்கூடம் போகவில்லை. அதற்குப் பெயரும் அவர்களே வைத்தார்கள்: டொக்டர் ரொட்டி.

டொக்டரிடம் இதைச் சொன்னேன். நம்ப முடியாமல் பார்த்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தானே சைக்கிள் மிதித்து ஆரையம்பதிக்கு வந்துவிட்டார். முற்றத்தில் பாய் போட்டோம். செய்தி பறந்து, ஒவ்வொரு வீட்டுக்காரியும் தன் கையால் சுட்ட ரொட்டியை மூடிக்கொண்டு வந்தாள். எல்லாவற்றிலும் ஒவ்வொரு துண்டு பிய்த்துச் சாப்பிட்டார். பக்கத்து வீட்டுக்காரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்து நின்றாள்.

"என்ட எப்பிடி டொக்டர்?"

டொக்டர் மென்றார். எங்களிடம் பழகின தமிழில், எங்கள் இழுவையோடு சொன்னார்: "நல்லம். ஒள்ளம் உப்பு காணாதுகா."

முற்றமே அதிரச் சிரித்தது. அவள் முணுமுணுத்துக்கொண்டு உப்புச் சிரட்டை எடுக்க வீட்டுக்கு ஓடினாள். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்த ரொட்டியை ஓட்டில் போட்டேன். என்னுடையதில் டொக்டர் அப்படியொரு குறை சொல்லி வெகுகாலமாகியிருந்தது.