நேராக விழுந்த முத்திரைகள்

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை முதலில் தாண்டியவள் நான்தான். ஹந்தானைத் தேயிலைத் தோட்ட லயத்தில் அம்மா இதைச் சொல்லாத ஆள் இல்லை. ஆனால் மாணவியாக நுழைந்த அன்று நான் அந்த வாசலைத் தாண்டியது முதல் தடவை அல்ல. பத்து வயதிலேயே, மாமாவின் ஆட்டோவில், மடியில் ஒரு காகிதப் பெட்டியோடு பல தடவை தாண்டியிருக்கிறேன்.

அம்மா அப்போது குண்டசாலையில் ஒரு வீட்டில் சமையல் வேலை செய்தார். அந்த வீட்டு ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். எழுதுவினைஞராகச் சேர்ந்து, பதிவாளராக ஓய்வுபெறும்வரை அதே பல்கலைக்கழகத்தில் இருந்தவர். மனைவி இறந்தபின் தனியாக இருந்தார். தனியாக என்றால், அவரும் காகிதங்களும். அலுமாரிக்குள், கட்டிலுக்கடியில், சாப்பாட்டு மேசையில் பாதிவரை காகிதம். விடுதிக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்ற முறைப்பாடு, பட்டமளிப்பு விழாவுக்குக் கதிரை இரவல் கேட்ட கடிதம், ஆறு பெருகிய வருடம் யாரை எந்த மண்டபத்தில் தங்கவைத்தார்கள் என்ற குறிப்பு, எல்லாம் இருந்தன. பல்கலைக்கழகத்தில் இருந்த பழைய கோப்புகளில் பெரும்பகுதி கூரை ஒழுகலிலும் கறையானிலும் போய்விட்டதால், ஐயா வீட்டில் இருப்பவைதான் மிச்சம் என்று நூலகத்தார் வந்து கேட்டிருந்தார்கள். ஐயாவும் தருவதாகச் சொல்லிவிட்டார்.

அவசரமும் இருந்தது. அவுஸ்திரேலியாவில் இருந்த மகள், வீட்டை விற்று அப்பாவைக் கூட்டிப்போக வரவிருந்தார். வாங்குபவருக்கு வீடு வெறுமையாக வேண்டும். மிஞ்சும் காகிதத்தைப் பின்வளவில் போட்டுக் கொளுத்திவிடும்படி மகள் அம்மாவிடம் தொலைபேசியில் சொல்லியிருந்தார்.

லொறி பிடிக்கலாம் என்றால் ஐயா கேட்கவில்லை, பெட்டி நசுங்குமாம். ஆகவே மாமாவின் ஆட்டோவில் தினம் ஒரு பெட்டி, கூடவே ஐயா. பள்ளி விடுமுறை என்பதால் பெட்டி சாயாமல் பிடிக்க நான். பெட்டிமேல் ஒட்டியிருந்த ஆங்கிலத்தை மாமாவுக்கு வாசித்துக் காட்டுவதும் நான்தான். அதில் எனக்கிருந்த தலைக்கனத்தையும் சேர்த்து ஏற்றியிருந்தால் ஆட்டோ ஹந்தானை மேட்டில் ஏறியிருக்காது. மாமாவுக்கும் கொஞ்சம் இருந்தது. சந்தியில் நிற்கும் மற்ற ஆட்டோக்காரர்கள் ஆளையும் மரக்கறியையும் ஏற்றுகிறார்கள், தான் சரித்திரத்தை ஏற்றுவதாகச் சொல்லிக்கொள்வார்.

பல்கலைக்கழக வாசலில் காவலாளி எழுந்து நின்று சலூட் அடிப்பார். ஐயா தலையை மட்டும் அசைப்பார். நூலகத்தில் ஆவணங்களுக்குப் பொறுப்பான அக்கா, திகனயிலிருந்து வரும் முஸ்லிம் பெண், ஐயாவுக்குக் கதிரை போட்டுத் தேநீர் வரவழைப்பார். ஐயா பெட்டியைத் திறந்து ஒவ்வொரு கட்டாக மேசையில் வைத்து, அதன் கதையைச் சொல்வார். புறப்படும் நேரம் வந்ததும் பாதியை எடுத்து மறுபடி பெட்டிக்குள் வைப்பார்.

"இதுகளை ஒருக்காச் சரிபார்க்க வேணும், பிள்ளை. நாளைக்குக் கொண்டு வாறன்."

அக்காவுக்கு மறுக்க வாய் வராது. அடுத்த நாள் அதே காகிதங்கள் கண்டி நகர நெரிசலுக்குள் மறுபடி புறப்படும்.

ஐயா இல்லாத ஒரு நேரம் மாமா கேட்டார்: "இவரு பெட்டிய குடுக்கப் போறாரா, பெட்டிக்கு ஊர் சுத்திக் காட்டுறாரா?"

தினம் ஓட்டம் கிடைப்பதில் மாமாவுக்கு நட்டமில்லை. ஆனாலும் மகள் வந்து எல்லாவற்றையும் கொளுத்திவிடுவார் என்று அவர்தான் அதிகம் கவலைப்பட்டார்.

நான் பேச்சுவாக்கில் ஒன்றைச் சொன்னேன். படம் வரைய ஐயா எனக்கு ஒருபக்கம் வெறுமையான தாள்களைத் தருவார். சீல் அடித்த தாளை மட்டும் தரமாட்டார், அது பழைய மின்சாரக் கட்டணச் சீட்டாக இருந்தாலும். சீல் விழுந்ததில் கை வைக்கப்படாது என்பார். இதைக் கேட்டதும் மாமா ஆட்டோவை ஓரம் கட்டிவிட்டுச் சிறிது நேரம் யோசித்தார்.

மறுநாள் ஐயா தேநீர் குடிக்கும்போது மாமா அக்காவிடம் போய்த் தாழ்ந்த குரலில் பேசினார். வந்த காகிதங்கள் எல்லாவற்றுக்கும் பட்டியல் எழுதி முடித்த பிறகுதான் முத்திரை குத்துவது அங்கே வழக்கமாம். அன்று அக்கா வழக்கத்தை மாற்றினார். ஐயா கை கழுவிவிட்டுத் திரும்புவதற்குள் மேல் கட்டு முழுவதிலும் நூலகத்தின் ஊதா முத்திரை விழுந்திருந்தது.

ஐயா வழக்கம்போல் அந்தக் கட்டைப் பெட்டிக்குள் வைக்கப் போனார். முதல் தாளைப் பார்த்ததும் கை நின்றது. அடுத்த தாளைப் புரட்டினார். அதற்கடுத்ததையும்.

"சீல் விழுந்திட்டுது," என்றார்.

"ஓம் சேர். இனி வெளிய கொண்டு போக ஏலா," என்றார் அக்கா, அவர் முகத்தைப் பார்க்காமல்.

எனக்குச் சிரிப்பு முட்டியது. மாமா என் காலை மிதித்தார்.

ஐயா கோபப்படவில்லை. தாளை எட்டப் பிடித்துப் பார்த்தார். "சரிஞ்சு விழுந்திருக்கு. இப்பிடியா அடிக்கிறது?" என்றார். கதிரையை மேசைக்கு இழுத்துப் போட்டார். முத்திரையையும் மைப்பெட்டியையும் தன் பக்கம் எடுத்து வைத்துக்கொண்டு மீதிக் கட்டுகளுக்குத் தானே அடிக்கத் தொடங்கினார்.

அதன்பிறகு எல்லாப் பெட்டிகளுக்கும் அவரே அடித்தார்; எந்தத் தாளும் குண்டசாலைக்குத் திரும்பி வரவில்லை. மகள் வந்தபோது கொளுத்த ஒன்றும் இருக்கவில்லை. ஐயா அவருடன் போனார். அம்மா வேறு வீட்டில் வேலை தேடிக்கொண்டார்.

இப்போது என் ஆய்வுக் கட்டுரைக்காக அந்தப் பெட்டிகளை வாசிப்பு அறையில் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன். ஒரு கட்டில் மட்டும் முத்திரைகள் தாறுமாறாகச் சரிந்து கிடக்கின்றன. மற்றவை எல்லாம் தாளின் ஓரத்துக்கு நேராக, ஒரே அழுத்தத்தில் விழுந்தவை. பார்த்த உடனேயே அது யார் கை என்று தெரிகிறது.

ஐயா முதன்முதலில் சீல் அடிக்க உட்கார்ந்த அன்று எனக்குப் பசித்தது. ஐயா ஒவ்வொரு தாளையும் மேசை விளிம்போடு சேர்த்து வைத்து, அடித்து, ஊதிக் காயவைத்து, கொஞ்சம் வாசித்து, பிறகுதான் அடுத்ததை எடுத்தார். ஒரு சீல் அடிக்க இவ்வளவு நேரமா என்று மாமாவிடம் முணுமுணுத்தேன். தந்திரம் பலித்த சந்தோஷத்தில் அவரும் ஏதாவது கேலி சொல்வார் என்று எதிர்பார்த்தேன். மாமா கதவோரம் நின்று ஐயாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேசாம இரு. இது முடிஞ்சிட்டா அவரு அந்த வெறும் வீட்டுக்குப் போயிடணும்ல," என்றார்.

அதைத்தானே நானும் கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.