மச்சக்காரிக்கு வைத்த முதல் தட்டு

ராஜபாளையத்துக்கு மேற்கே, சுப்புராஜ் நாய் வளர்த்து விற்கிற மாந்தோப்பில் நாய்களுக்குப் பந்தி பரிமாறுகிறவள் பரிபூரணம். சிரிக்காதீர்கள், பந்தி என்றுதான் அவள் சொல்வாள். கோழித் தலையும் காலும் போட்டு வேகவைத்த சோற்றை ஆறவிட்டு, தட்டுத் தட்டாக வைப்பாள். அதற்கு ஒரு வரிசை உண்டு. முதல் தட்டு ராணிக்கு. அது கிழடு, ஒரு கண்ணும் மங்கல். ஆனாலும் அது வாய் வைக்கும்வரை மற்ற நாய்கள் தலையைத் திருப்பிக்கொண்டு நிற்கும். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்குக்கூட அப்படி ஒரு மரியாதை கிடைக்காது.

கடைசித் தட்டு மச்சக்காரிக்கு. அப்பழுக்கில்லாத வெள்ளைக்குத்தான் இந்த ஊர் நாய்க்கு மவுசு. இதற்கோ காதோரம் ஒரு பழுப்புத் திட்டு. வாங்க வந்தவர்கள் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார்கள். நாய்களுக்குத் திட்டாவது ஒன்றாவது. ஆனால் என்ன கணக்கோ, அவையும் அதைத்தான் கடைசியில் நிறுத்தின. பரிபூரணத்துக்கு அதன்மேல் கொள்ளைப் பாசம். பென்சன் என்கிற அவள் புருஷன் ஒரு முதலாளி வீட்டு விசேஷத்தில் தெரியாமல் முதல் பந்தியில் உட்கார்ந்து, சோறு விழுந்த இலையிலிருந்து எழுப்பப்பட்டவன். அதற்குப் பிறகு சாகும்வரை அவன் எந்த விசேஷத்திலும் கை நனைக்கவில்லை.

போன ஈஸ்டர் அன்று பூசையில் சாமியார், கடைசியில் நிற்பவரைக் கடவுள் முன்னால் கூப்பிட்டு உட்கார வைப்பார் என்று உருக்கமாகப் பேசினார். கேட்டுவிட்டுச் சும்மா வரவேண்டியதுதானே. இவள் நேரே தோப்புக்கு வந்து முதல் தட்டை மச்சக்காரி முன்னால் வைத்தாள்.

அது தின்னவில்லை. வாலைக் கவட்டுக்குள் இடுக்கிக்கொண்டு இவள் முகத்தையே பார்த்தது.

"தின்னுட்டி, இன்னைக்கு நீதான் மகாராணி" என்று கழுத்தைப் பிடித்துத் தட்டுப் பக்கம் தள்ளினாள்.

ஒரு வாய் எடுத்ததுதான். ராணி குரைக்கக்கூட இல்லை. மற்றவை ஒன்றாகப் பாய்ந்தன. இவள் வாளியால் அடித்து விலக்குவதற்குள் மச்சக்காரியின் கதை முடிந்துவிட்டது. பிறகு ராணி நிதானமாக வந்து அந்தத் தட்டில் சாப்பிட்டது.

"வரிசைய மாத்துனா நாய் சும்மா இருக்குமா?" என்று சுப்புராஜ் ஒரு வார்த்தையோடு விட்டுவிட்டார். பரிபூரணத்தை அது விடவில்லை. பட்டப்பகலில் சோறு ஆற்றும்போது காலில் ஈர மூக்கு உரசும். குனிந்தால் ஒன்றும் இருக்காது. கோயிலில் முழந்தாளிட்டால் அந்தப் பார்வை எதிரே வந்து நிற்கும். வேண்டாம் என்று கெஞ்சிய பார்வை. கொன்றது மற்ற நாய்கள் அல்ல, தன் கைதான் என்று அவளுக்கு உறுதியாகிவிட்டது.

அந்தச் சமயம் பார்த்துத்தான் மகள் கேத்ரின் துள்ளிக்கொண்டு வந்தாள். அவளுக்கு நூல் மில்லில் மெஷின் ஓட்டுகிற வேலை.

"எம்மா, என்னைய மேஸ்திரி ஆக்கப் போறாவ! திங்கக்கிழமையில இருந்து எங்க செக்ஷன்ல அம்புட்டுப் பேரும் எனக்குக் கீழ!"

அவர்கள் தெருவிலிருந்து மில்லுக்குப் போன மற்றவர்கள் கூட்டிப் பெருக்கித்தான் பரிபூரணம் பார்த்திருக்கிறாள்.

"ஒனக்கு முன்னால சேந்தவ, அந்தப் பாண்டிசெல்வி?"

"அந்தக்காவும் எனக்குக் கீழதான்."

"வேண்டாம்ட்டி. எல்லாருமாச் சேந்து ஒன்னையக் கடிச்சிருவாளுவ."

"நீ அந்த நாயவே நெனச்சிக்கிட்டு இரு" என்று சிரித்துவிட்டு மகள் குளிக்கப் போனாள். அவள் காதோரம் கொஞ்சம் பஞ்சு ஒட்டியிருந்தது. பரிபூரணத்தால் அதைப் பார்க்க முடியவில்லை.

சனிக்கிழமை, மகள் துணி துவைத்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து அவள் மில்லுக்குப் போனாள். மானேஜர் முத்துராமலிங்கம் நல்ல மனுஷன், உட்காரச் சொன்னார். இவள் நின்றபடியே பேசினாள்.

"ஐயா, எம்மகளுக்கு அந்த மேஸ்திரி வேலை வேண்டாம்யா."

"ஏம்மா? நல்லா வேலை பாக்குற பிள்ளையாச்சே."

நாய்க் கதையை மானேஜரிடம் எப்படிச் சொல்வது? வாயில் வந்ததைச் சொன்னாள்.

"அவளுக்கு அப்பப்ப வலிப்பு வரும்யா. சொல்லாம மறைச்சிட்டோம்."

அவர் முகம் மாறியது. "சரிம்மா, நான் பாத்துக்கிடுதேன்" என்றார். அன்றைக்கு பரிபூரணம் வெகுநாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள். ஈர மூக்கும் அன்று உரசவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் கேத்ரின் தலையெல்லாம் தூசியாக வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள். உள்ளங்கைகள் சிவந்து கிடந்தன.

"என்னைய கூட்டுற வேலைக்குப் போட்டுட்டாவ. வலிப்புக்காரி மெஷின் பக்கம் நிக்கக் கூடாதாம்."

பரிபூரணம் நீட்டிய தண்ணீர்ச் செம்பைக் கேத்ரின் வாங்கவில்லை.

"என்னைய மேஸ்திரியாப் போடச் சொன்னதே பாண்டிசெல்வி அக்காதானாம். காலையில எல்லாரும் கேக்கு வாங்கி வச்சிக்கிட்டு எனக்காக நின்னாவ. மானேஜர் வந்து சொல்லவும் அந்தக்கா அழுதுட்டா. எனக்கு அப்படி ஒண்ணும் இல்லைன்னு சொல்லச் சொல்ல, ஒங்கம்மாவே வந்து சொன்னாங்களேங்காரு. நான் என்னத்தம்மா சொல்ல?"

"ஒன்னைய யாரும் கடிச்சிரக் கூடாதுன்னுதாம்ட்டி..."

"யாருமே கடிக்க வரலையேம்மா" என்றாள் கேத்ரின். கூட்டுகிறவர்கள்தான் மில்லுக்கு எல்லோருக்கும் முன்னால் போயாக வேண்டும், விடியுமுன் எழுப்பிவிடு என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமலே படுத்துக்கொண்டாள்.