வேகப்பெட்டியைக் காத்த ஞானமுத்து அண்ணாச்சி

செவ்வாய்க்கிழமை காலை, தபால் அலுவலகத்தில் பைகளைப் பிரித்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. திரையில் ஞானமுத்து அண்ணாச்சியின் பெயர். அவர் தன் கையால் போன் போட்டுப் பேசி மாதங்கள் ஆகியிருந்தன. ஆகவே எடுப்பதற்கு முன்பே செய்தி என்னவென்று புரிந்துவிட்டது. அவர் மனைவி கிரேஸ் அக்காதான் பேசினார்.

"தம்பி, உங்க அண்ணாச்சி போயிட்டாவ. தூக்கத்துலயே போயிட்டாவ. ஒரு முனகல்கூட இல்ல தம்பி."

கடைசி வாக்கியத்தை அவர் இரண்டு முறை சொன்னார். அழுகைக்கு நடுவே அந்தக் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. எனக்கும் முதலில் வந்தது அந்த நிம்மதிதான். துக்கம் பிறகுதான் வந்தது. கடந்த சில மாதங்களில் அவரைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். ஈரல் நோய் அந்தப் பெரிய உடம்பைப் பாதியாக்கியிருந்தது.

சங்கரன்கோவிலில் அவரைப் பம்பு மோட்டார் கடைக்காரராக அறிந்தவர்கள் ஏராளம். வேதக்கோவில் பாட்டுக் குழுவில் எல்லோரையும்விட உரக்க, எல்லோருக்கும் கொஞ்சம் முன்னதாகவே பாடி முடிப்பவராகவும் பலருக்குத் தெரியும். காற்றுத் துப்பாக்கியை வைத்து ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் காகிதத்தில் வட்டம் வரைந்து சுட்டுக்கொண்டிருந்த எங்கள் சிறு கூட்டத்துக்கு அவர் வேறு ஆள். அந்த ஆளைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

எங்கள் பொழுதுபோக்கைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. பறவையையோ அணிலையோ நாங்கள் ஒருநாளும் சுட்டதில்லை. காகிதம் மட்டும்தான். இடம், பனவடலிசத்திரம் போகும் சாலையில் கிரேஸ் அக்காவின் அண்ணன் காலி செய்து போட்டிருந்த, மிளகாய் வத்தல் மூட்டை அடுக்கும் கிட்டங்கி. மூட்டைகள் போய் வெகுகாலம் ஆன பிறகும் மிளகாய் நெடி சுவரை விட்டுப் போகவில்லை. கதவைத் திறந்ததும் எல்லோரும் தும்மித் தீர்க்க வேண்டும். "தும்மி முடிச்சவன் மட்டும் துப்பாக்கியத் தொடு," என்பார் அண்ணாச்சி. ஆடித்தபசுத் திருவிழா சமயத்தில் ஊரே திரண்டிருக்கும் என்பதால் அந்த வாரங்களில் மட்டும் கிட்டங்கியைத் திறக்கவே விடமாட்டார்.

துப்பாக்கியைப் பிரித்துப் பூட்டுவதில் அவருக்குத் தனி மோகம். பழைய சுருள்வில்லைக் கழற்றிப் புதியதைப் போடுவார், உள்ளே காற்றை அடைக்கும் தோல் வாசரை மாற்றுவார், கிரீஸைத் துளித்துளியாக வைப்பார். அப்படிச் சரிசெய்த துப்பாக்கி ஒரே சீராகச் சுடுகிறதா, சட்டம் அனுமதித்த வலுவைத் தாண்டிவிட்டதா என்று தெரிய வேண்டும். அதற்குக் குண்டின் வேகத்தை அளக்க வேண்டும்.

அளக்கும் கருவி எங்களில் ஒருவரிடம் இருந்தது. ராயகிரியில் எலுமிச்சைத் தோட்டம் வைத்திருக்கும் முருகேசன், வெளிநாட்டில் இருக்கும் தன் தம்பியிடம் கேட்டு வரவழைத்தது. அதன் பெயர் குரோனோகிராஃப். அண்ணாச்சி ஒரே நாளில் அதை வேகப்பெட்டி ஆக்கிவிட்டார். செங்கல்லைவிடச் சற்றுப் பெரிய பெட்டி. மேல்முகத்தில் முன்னும் பின்னுமாக இரண்டு ஒளிக்கண்கள். குண்டு அவற்றுக்கு மேலாகச் சாணளவு உயரத்தில் பறந்தால் பெட்டி வேகத்தை எண்ணில் காட்டும். கொஞ்சம் தாழப் பறந்தால் பெட்டியே போய்விடும்.

தாழப் பறப்பது எளிது என்பதுதான் அதில் உள்ள வம்பு. குறிபார்க்கும் தொலைநோக்கி குழலுக்கு மேலே இருக்கிறது. அதன் வழியே பார்த்தால் பெட்டிக்கு மேலே வழி திறந்து கிடப்பதுபோல் தெரியும். குழலோ அதற்குக் கீழே பெட்டியின் நெற்றியைப் பார்த்துக்கொண்டிருக்கும். பிரித்துப் பூட்டிய துப்பாக்கி என்றால் முதல் சில குண்டுகள் எங்கே போகும் என்று பூட்டியவருக்கே தெரியாது.

"அண்ணாச்சி, இது ஒடஞ்சா என் தம்பி மொகத்துல முழிக்க முடியாது," என்று முருகேசன் வாராவாரம் சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டுக் கேட்டுத்தான் அண்ணாச்சி தன் கடையில் கிடந்த கனமான இரும்புத் தகடு ஒன்றை வெட்டி, பெட்டியின் முன்னால் செங்குத்தாக நிற்கும்படி அடிப்பலகை வைத்துப் பற்றவைத்துக்கொண்டு வந்தார். அதைத் தரையில் வைத்துவிட்டு, "இனி பீரங்கி வச்சிச் சுட்டாலும் ஒன் பொட்டி சாவாது," என்றார். எங்களுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அந்தத் தகட்டில் உள்ள ஆபத்து எங்களில் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

அடுத்த ஞாயிறு. அண்ணாச்சி மேசைமேல் மணல்பையில் துப்பாக்கியைச் சாய்த்துச் சுட்டார். நான் அவருக்கு வலப்பக்கம், தோளோடு தோளாக நின்று பெட்டியின் எண்ணைப் படிக்கக் காத்திருந்தேன். குண்டு தாழப் போய்த் தகட்டின் நடுவில் பட்டது. 'டங்' என்ற ஓசையும் என் முகத்தில் விழுந்த அடியும் ஒன்றாகவே வந்தன. நான் போட்டிருந்த மூக்குக்கண்ணாடி தெறித்து விழுந்தது. வலது கண்ணின் மேல் வெதுவெதுப்பாக ஏதோ வழிந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எனக்கு இடது கண் சிறுவயதிலிருந்தே பழுது. வெளிச்சம், நிழல் மட்டும்தான் தெரியும். தபால் முகவரி படிப்பது, மனைவி முகம் பார்ப்பது, குறிபார்ப்பது எல்லாமே வலது கண்தான். அண்ணாச்சிக்கு அது தெரியும்.

அவர் துப்பாக்கியை வைத்துவிட்டு என் முகத்தைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்தார். "சங்கரா, கண்ணத் தொறக்காதேயும். கை வைக்காதேயும். அப்படியே இரும்," என்றார். சுத்தமான வேட்டித் துண்டைக் கிழித்துக் கண்ணை அழுத்தாமல் மேலாகக் கட்டினார். பிறகு முதலில் செய்தது, என் மனைவிக்குப் போன் போட்டது.

முருகேசன் தடுத்தார். "டாக்டர் பாத்த பொறவு சொல்லலாம் அண்ணாச்சி. இப்பமே சொன்னா அவ்வோ பயந்துருவாவ."

"பயப்படட்டும். அவ புருஷன் கண்ணு வே. அவளுக்குத் தெரியாம நாம எப்படி வச்சிக்கிட முடியும்?" என்றார் அண்ணாச்சி. போனில் அவர் சொன்னது அப்படியே என் நினைவில் இருக்கிறது. "பார்வதி, அண்ணாச்சி பேசுதேன். என் கையால சுட்டது, திரும்பி வந்து சங்கரன் மொகத்துல பட்டுட்டு. வலது கண்ணு பக்கம். எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியல. திருநெல்வேலிக்குக் கூட்டிட்டுப் போறேன். வாசல்ல நில்லு, ஒன்னையும் ஏத்திக்கிடுதேன்."

வழி முழுக்கப் பார்வதி அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு வேனின் பின்னிருக்கையில் உட்கார்ந்திருந்தாள். அண்ணாச்சி வேனை ஓட்டிக்கொண்டே, கொஞ்ச தூரத்துக்கு ஒருமுறை, "வே, கட்டுக்குள்ள வெளிச்சம் தெரியுதா?" என்று கேட்டார். "தெரியுது," என்றேன். உண்மையில் எனக்கு நிச்சயமில்லை. செவ்வெளிச்சமாக ஒன்று தெரிந்தது. அது வெயிலா ரத்தமா என்று சொல்ல முடியவில்லை.

கண் மருத்துவமனையில் டாக்டர் வெகுநேரம் விளக்கடித்துப் பார்த்தார். புருவத்தில் கிழிந்திருந்தது, தையல் போட்டார். கண்ணாடிச் சில்லு கீழிமைக்குள் ஒன்று இருந்தது; எடுத்தார். "கண்மணிக்கு ஒண்ணும் இல்லை. இவர் போட்டிருந்த கண்ணாடிதான் அடியை வாங்கியிருக்கு," என்றார். பிறகு சுவரில் இருந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். கடைசி வரிசை வரை படித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு ருசித்து எதையும் நான் படித்ததில்லை.

வெளியே வந்து சொன்னோம். அண்ணாச்சி நின்ற இடத்திலேயே, வராந்தாவின் தரையில் உட்கார்ந்துவிட்டார். முதலில் சிரித்தார். அந்தச் சிரிப்பு அப்படியே அழுகையாக மாறியது. பிறகு மறுபடி சிரிப்பு. வரிசையில் இருந்த நோயாளிகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பார்வதி அவர் எதிரே போய் நின்றாள்.

"அண்ணாச்சி, ஒரு பொட்டியக் காப்பாத்த எங்க வீட்டு வெளக்க அணைக்கப் பாத்தியளே! அறிவிருக்கா ஒங்களுக்கு?"

"இல்ல தாயி," என்றார் அவர். தரையில் உட்கார்ந்தபடியேதான். "பொட்டிக்கு என்ன ஆவும்னு மட்டும் பாத்தேன். குண்டுக்கு என்ன ஆவும்னு பாக்கல."

அவள் இன்னும் ஏதோ திட்ட வாயெடுத்தாள். முடியவில்லை. "எந்திரிங்க, காப்பி குடிப்போம்," என்றாள்.

அதற்குப் பிறகு நாங்கள் சுடுவதையே விட்டுவிடுவோம் என்று நான் நினைத்தேன். அண்ணாச்சி ஒரு மாதம் கிட்டங்கிப் பக்கமே வரவில்லை. பிறகு ஒரு நாள் வந்து அந்தத் தகட்டைத் தூக்கி வெளியே எறியப் போனவர், எறியாமல் சாய்த்துப் பார்த்துக்கொண்டு நின்றார். "நிமிந்து நிக்கதாலதான வே திருப்பி அனுப்புது? தலையக் குனிய வச்சா?" என்றார்.

தகட்டின் மேல்விளிம்பு சுடுபவர் பக்கம் சாயும்படி மாற்றிப் பற்றவைத்தார். இப்போது அதில் படும் குண்டு கீழே இறங்கும். இறங்கும் இடத்தில் மணல் நிரப்பிய தகரத் தட்டு. தகட்டுக்கு முன்னால் பழைய சாக்கு இரண்டு மடிப்பாகத் தொங்கியது. சிதறும் ஈயத்துணுக்கு அதில் சிக்கிக்கொள்ளும். ஆனாலும் தகட்டை அவர் முழுக்க நம்பவில்லை. பெட்டியை வைப்பதற்கு முன் அதே இடத்தில் ஒரு சட்டத்தில் வெறும் தாளை ஒட்டி நிறுத்துவார். துப்பாக்கியை மேசையில் அசையாமல் பிடித்துக் கட்டி, தாளில் சுடுவார். குண்டுகள் ஒரே இடத்தில் துளைக்கின்றன என்று தெரிந்த பிறகுதான், அந்தத் துளைக்குக் கீழே சாணளவு விட்டுப் பெட்டி வரும். "மொதல்ல தாளு, பொறவு பொட்டி," என்பது எங்களுக்குச் சட்டமாயிற்று. எல்லோருக்கும் பட்டறைக் கண்ணாடி வாங்கி வந்து ஆணியில் மாட்டினார். எண்ணைப் படிப்பவர் மேசைக்குப் பின்னால், மரத்தட்டியின் மறைவில்தான் நிற்க வேண்டும். பார்வதியை ஒரு ஞாயிறு அழைத்து வந்து எல்லாவற்றையும் காட்டினார். அவள் தகட்டைத் தட்டிப் பார்த்தாள், சாக்கை இழுத்துப் பார்த்தாள், கண்ணாடியைப் போட்டுப் பார்த்தாள். "சரி, வரட்டும்," என்றாள். அவர் முகத்தில் அன்று இருந்த சந்தோஷத்தைப் பார்த்தால், கலெக்டரே வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனதுபோல் இருந்தது.

அந்த ஏற்பாட்டுக்கு ஒரு சோதனையும் வந்தது. இளையரசனேந்தல் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி, தன் துப்பாக்கியின் வலு சட்டத்துக்குள் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிக் கொண்டுவந்தார். மக்காச்சோளத்தில் விழும் கிளிகளைச் சத்தம் காட்டி விரட்டத்தான் வாங்கியதாம். தாளில் ஒழுங்காகத்தான் சுட்டார். பெட்டி வைத்த பிறகு, துப்பாக்கியின் மரக்கட்டையில் குழலைப் பிடித்திருந்த திருகு கழன்று குழல் சட்டென்று தாழ்ந்துவிட்டது. விசையும் இழுபட்டுவிட்டது. மந்தமாக ஒரு ஓசை, மணலில் 'பொசுக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

முருகேசன் பெட்டியைப் பார்க்க ஓடினார். அண்ணாச்சி அங்கே திரும்பவே இல்லை. "எல்லாரும் கண்ணாடியக் கழத்துங்கலே. மொகத்தக் காட்டுங்க," என்று ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தார். வந்திருந்த விவசாயியின் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். அவர் மிரண்டுபோய், "எனக்கு ஒண்ணும் இல்லங்க அண்ணாச்சி," என்றார். என் முகத்தைக் கடைசியாக, கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தார். அதற்குள் முருகேசன், "பொட்டி நல்லாருக்கு அண்ணாச்சி! ஒரு கீறல் இல்ல!" என்று கத்தினார். அண்ணாச்சி மணலைக் கிளறி, நசுங்கிய ஈயத்தை எடுத்து விவசாயியின் கையில் வைத்தார். "கொண்டு போயி வீட்டுல காட்டும்வே. திருகை முடுக்கிட்டு அடுத்த வாரம் வாரும்." பிறகு எல்லோருக்கும் டீ சொன்னார். அன்று சாயங்காலம் முழுக்க எதற்கெடுத்தாலும் சிரித்துக்கொண்டே இருந்தோம்.

அவரிடம் குறைகளும் உண்டு. பொறுமை கிடையாது. ஒரு வேலையைச் செய்து முடித்துவிட்டுத்தான் யோசிப்பார். என் முகத்தில் பட்ட அடியும் அதனால் வந்ததே. ஆனால் தன் தவறு என்று தெரிந்தால் அதைச் சுற்றி ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லமாட்டார். எனக்கு நேர்ந்ததை யார் கேட்டாலும், "நான்தான் சுட்டேன்," என்றே ஆரம்பிப்பார். கோவில் பாட்டுக் குழுவிலும் அதையே சொல்லியிருக்கிறார் என்று கிரேஸ் அக்கா அடக்கத்தன்று என்னிடம் சொன்னார்.

கடைசியாக அவரைப் பார்த்தது, இறப்பதற்கு முந்தைய ஞாயிறு. ஆஸ்பத்திரியில் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள். வலிக்குப் புதிதாகக் கொடுத்த மருந்து அவருக்கு ஒத்துக்கொண்டது. பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் முகத்தில் சுளிப்பு இல்லாமல் இருந்தார். கிரேஸ் அக்கா கரைத்துக் கொடுத்த கஞ்சியை முழுதாகக் குடித்தார்.

"பயந்துக்கிட்டே கெடந்தேன்வே. மூச்சு முட்டிப் போயிருவேனோன்னு. டாக்டர் வந்து, அப்படி ஆகாது, தூக்கமாத்தான் வரும்னு சொல்லிட்டாரு. பொறவு ஒரு பயமும் இல்ல," என்றார். அதைச் சொல்லும்போது அவர் என் ஆறுதலை எதிர்பார்க்கவில்லை. நல்ல செய்தி ஒன்றை என்னோடு பகிர்ந்துகொண்டார், அவ்வளவுதான். நான்தான் போக மனமில்லாமல், நாற்காலியில் ஒட்டிக்கொண்டு இருந்தேன்.

அவருக்கு அது புரிந்தது. "நேரமாவுதுல்லா? பார்வதி தேடுவா. நான் நல்லாருக்கேன், தூங்கப் போறேன். நீரு சந்தோசமாப் போயிட்டு வாரும்," என்றார். சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் வாசலைத் தாண்டுவதற்குள் குறட்டைச் சத்தம் கேட்டது.

அண்ணாச்சியிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த வழியனுப்புதலைத்தான். என்னைப் பிடித்து நிறுத்தவில்லை, அழவிடவில்லை, எதையும் வாக்குக் கேட்கவில்லை. சந்தோஷமாகப் போகச் சொன்னார். நானும் அன்று, நம்பினால் நம்புங்கள், சந்தோஷமாகத்தான் வீட்டுக்கு நடந்தேன்.