சீசன் வரைக்கும் ஓடவேண்டிய லாரி

பட்டாசுப் பெட்டிகள் கூரை முட்ட ஏறிய பிறகும் விலைக்கு வந்த அந்தப் பழைய லாரியின் பின்பக்கம் நான்கு விரல்கூடத் தாழவில்லை. சிவகாசிக்குப் பக்கத்தில் நாரணாபுரத்துக் குடோன் வாசலில் மச்சான் குத்தவைத்து உட்கார்ந்து, சக்கரத்துக்கு மேலே அடுக்கியிருந்த ஸ்பிரிங் பட்டைகளைக் கீழிருந்து பார்த்தார். பிறகு எழுந்து கைலியைத் தட்டிக்கொண்டு, "பாத்தியாலே மாப்ள, லோடு ஏத்துனதே தெரியல. கல்லு மாதிரி நிக்குது. வாங்கிருவோம்" என்றார். விற்றவர் எங்களிடம் எதையும் மறைக்கவில்லை. நாங்கள்தான் தவறான லோடை ஏற்றிப் பார்த்தோம்.

மச்சான் என் அக்காவின் கணவர். பதினெட்டு வருஷம் பட்டாசுக் கம்பெனிகளுக்கு ஓடும் லாரிகளில் சம்பள டிரைவர். நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன். திருத்தங்கலில் அச்சகம், திருப்பூரில் பனியன் கம்பெனி, கோவாவில் ஓட்டல் என்று எங்கும் ஒரு வருஷம் தங்காமல் சுற்றி ஊர் திரும்பியிருந்தேன். கையில் லைசென்ஸ் மட்டும் இருந்தது. "சும்மா சுத்துறதுக்கு என் வண்டியில சுத்துலே" என்று என்னை இரண்டாவது டிரைவராகச் சேர்த்துக்கொண்டார். லாரிக்கு முன்பணம் அக்காவின் நகை. மீதி மாதத் தவணை.

பட்டாசு லோடு இடத்தை அடைக்கும், கனம் இருக்காது. ஆயுசு முழுக்க அதையே ஏற்றியவர்களுக்கு வண்டி நிரம்பினால் அதுதான் முழு லோடு. எங்கள் லாரியும் அதுவரை பட்டாசைத் தவிர வேறு ஏற்றியதில்லை. மச்சானும் லாரியும் ஒரே மாதிரிப் பழகியவர்கள் என்று இப்போது தோன்றுகிறது. தீபாவளிக்கு முன்னால் பெங்களூருக்கு இரண்டு லோடு அடித்தோம். வண்டி பஞ்சுபோல ஓடியது. தீபாவளி முடிந்தது, பட்டாசு லோடு நின்றது. தவணை நிற்கவில்லை.

அதனால் ஈரோட்டுப் பக்கமிருந்து சிவகாசி அச்சகங்களுக்குக் காகித ரீல் ஏற்றினோம். காகிதம் என்றுதான் பெயர், ஒவ்வொரு ரீலும் ஒரு எருமை கனம். பாதி வண்டிகூட நிரம்பவில்லை, அதற்குள் பின்பக்கம் முழுதாக அமுங்கிவிட்டது. மச்சான் ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டு ஏறி வண்டியை எடுத்தார். சிவகாசி போய்ச் சேர்வதற்குள் ஸ்பிரிங் பட்டை ஒன்று ஒடிந்தது.

பட்டறைக்காரர் கீழே படுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். "ஒண்ண மட்டும் மாத்தாதீக. பழசெல்லாம் சோந்து கெடக்கு. புதுசு அம்புட்டு பாரத்தையும் வாங்கி அதுவும் ஒடியும். செட்டா மாத்திருங்க."

"சீசன் வரைக்கும் தாங்குனா போதும் அண்ணாச்சி. அப்புறம் வெடி லோடுதான்" என்றார் மச்சான்.

"அத லாரிகிட்ட சொல்லிட்டீகளா?"

மூவரும் சிரித்தோம். ஒரு பட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு கிளம்பினோம். மாசி பிறப்பதற்குள் அவர் சொன்னபடியே அது ஒடிந்தது.

அந்த வருஷம் முழுக்க மச்சானின் வாயில் சீசன் என்ற சொல்தான். ஆவணி வந்துவிட்டால் பட்டாசு ஏறும், கனமில்லாத லோடு, நல்ல வாடகை, வண்டியும் மூச்சு விடும். அதுவரை தவணை கட்ட ரீல் ஏற்ற வேண்டும். ரீல் ஏற்றினால் வண்டி உடையும். ஏற்றாவிட்டால் தவணைக் கம்பெனி வண்டியை எடுத்துக்கொண்டு போகும். இதற்கு நடுவில் வேறு வழி இருந்ததா என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை. டோல்கேட்டுக்குப் பயந்து ஊர்களுக்குள் புகுந்து போனோம், குழிகளில் விழுந்து டயர் வெடித்தது. புது டயருக்குப் பதில் ரப்பர் ஒட்டிய பழைய டயர் போட்டோம், அது வெயிலில் உரிந்துகொண்டு போனது. வைகாசியில் இரண்டாவது கியர் விழாமல், எவ்வளவு தள்ளினாலும் பிடிக்காமல் போனது. மச்சான் முதல் கியரில் எடுத்து, வேகம் பிடித்து, நேராக மூன்றாவதுக்குத் தாவப் பழகிக்கொண்டார். கியர்பெட்டியைப் பிரித்தால் பத்து நாள் வண்டி நிற்கும். பத்து நாள் எங்களிடம் இல்லை. ஆடியில் வண்டியின் அடிச்சட்டமான சேஸில் விரிசல் கண்டது. வெல்டிங் வைத்தோம். டீசல் டேங்க் கசிந்தது. துணி சோப்பைத் தேய்த்து அடைத்தோம். ரோட்டில் எல்லா டிரைவரும் செய்வதுதான்.

ஆவணி பிறந்து பத்தாம் நாள் விஸ்வநத்தத்தில் முதல் லோடு கிடைத்தது. மச்சான் வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்தார். ஏற்றுமுன் குடோன் போர்மேன் வண்டியைச் சுற்றி வந்தார், பேட்டரி வயர்களைப் பார்த்தார், குனிந்து டேங்கின் அடியைத் தடவினார். விரலை மூக்கருகே கொண்டுபோனார்.

"என்ன அண்ணாச்சி, சோப்பு வாசம் வருது?"

"லேசாத்தான் கசிவு. ஒரு லோடு விடுங்க, வந்ததும் டேங்க மாத்திருதேன்."

"நாளெல்லாம் வெடி மருந்துக்குள்ள நிக்கிறவன் நான். எம் பொண்டாட்டி அந்தா அந்த ஷெட்டுல இருக்கா. வண்டிய வெளிய எடுங்க."

மச்சான் வண்டியில் ஏறினார். என் அக்காவும் அதே ஊரில் அப்படியொரு ஷெட்டில்தான் வேலை பார்க்கிறாள். வண்டியை ரிவர்ஸ் எடுக்கும்போது, "சரியாத்தான சொல்றான்" என்றார். அவ்வளவுதான். சேஸ் வெல்டிங்கும் போர்மேன் கண்ணில் பட்டிருந்தது. மற்ற குடோன்களுக்கும் செய்தி போய்விட்டது. டேங்கும் சேஸும் மாற்றப் பணம் தர ஆளில்லை. மூன்று தவணை நின்றிருந்தது.

இன்று மச்சான் ஓர் அச்சகத்தின் வேன் ஓட்டுகிறார். நான் ஓசூரில் வேறொருவரின் லாரியில் இருக்கிறேன், இங்கும் எத்தனை நாளோ. ஊருக்குப் போனால் இருவரும் டீ குடிப்போம், லாரியைப் பற்றிப் பேசுவதில்லை. அக்காவின் கழுத்தில் இன்னும் மஞ்சள் கயிறுதான்.

அன்று தவணைக் கம்பெனியிலிருந்து வண்டியை எடுக்க வந்தவரும் ஒரு டிரைவர்தான், மச்சான் வயது. காலை பத்து மணி இருக்கும். திருத்தங்கலில் வீட்டுத் தெருமுனையில் லாரி நின்றது. அக்கா உள்ளே போய்விட்டாள். மச்சான் சாவியைக் கொடுத்துவிட்டு இரண்டடி நகர்ந்தார். பிறகு திரும்பிப் போய்க் கதவைப் பிடித்து ஏறி, ஜன்னலுக்குள் தலையை நீட்டினார்.

"அண்ணே, செகண்டு விழாது. பஸ்ட்ல எடுத்து நேரா தேர்டுக்குப் போயிருங்க. அவசரப்படாதீக, கொஞ்சம் வேகம் பிடிக்கட்டும்."

அந்த டிரைவர் தலையாட்டினார். வண்டி முதல் கியரில் முனகிக்கொண்டு நகர்ந்தது. மச்சான் நடுத்தெருவில் நின்று காது கொடுத்துக்கொண்டிருந்தார். ரயில்வே கேட்டுக்குத் திரும்பும் இடத்தில் இன்ஜின் சத்தம் ஒரு நொடி அடங்கி, தாழ்ந்து, சீரானது.

"தேர்டு விழுந்துருச்சுலே மாப்ள" என்றார்.