மைதானத்துக்குக் கொண்டுபோன மாட்டு மணி

கப்பலில் வேலை பார்க்கும் என் மகன் நார்வேயிலிருந்து ஒரு மாட்டு மணி வாங்கி வந்தான். இரும்புத் தகட்டைக் கையால் தட்டி மடித்துப் பித்தளை பூசியது. தடவினால் சுத்தியல் விழுந்த குழிகள் தெரியும். அந்த ஊரில் பனிச்சறுக்குப் பந்தயம் நடந்தால், வழியோரம் நின்று இதை ஆட்டித்தான் உற்சாகப்படுத்துவார்களாம். எனக்கு அது பிடித்துப்போனது. நாலு பேர் நடுவில் எனக்குக் குரலே எழும்பாது. பஸ்ஸில் சீட்டு கேட்கவே இரண்டு தடவை எச்சில் விழுங்குவேன். மணிக்கு அந்தக் கஷ்டம் இல்லை.

மருமகள், தன் பிள்ளைகள் வளர்ந்தபிறகு ஓட ஆரம்பித்தவள். அன்று நாற்பது வயது தாண்டிய பெண்களுக்கு ஓட்டப் பந்தயம். முதல் மூன்று பேருக்குத்தான் மாநில அணியில் இடம். போன தடவை நாலாவதாக வந்துவிட்டு யாரோடும் பேசாமல் கிடந்தாள். அபிராமபுரத்திலிருந்து ஆட்டோவில் போகும்போதே சொல்லிவிட்டாள்:

"ஒவ்வொரு சுத்துக்கும் அடிங்க அத்த. அந்த சத்தம் கேட்டா போதும், கால் தானா ஓடும்."

ஓட்டம் தொடங்கியதும் எழுந்து ஓர் ஆட்டு ஆட்டினேன்.

"இன்னா பாட்டி, மாடு தொலஞ்சு போச்சா?" என்றான் பின்னாலிருந்து ஒருத்தன். எல்லோரும் சிரித்தார்கள். அதற்குள் நடுவர் ஓடிவந்தார்.

"யம்மா, அந்த மணிய உள்ள வை! கடைசி சுத்துக்கு நாங்கதான் மணி அடிப்போம். நீ நடுவுல அடிச்சா, இதான் கடைசின்னு நெனச்சு மொத்த தம்மும் போட்டு ஓடிடுவாங்க."

மணியின் நாக்கை விரலால் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

முதல் சுற்றில் மருமகள் மூன்றாவதாக வந்தாள். என் பக்கம் பார்த்தாள். அடுத்த சுற்றிலும் பார்த்தாள், மணிச் சத்தம் இல்லாததில் முகம் மாறியிருந்தது. காலையில் எனக்குத் தலை கிறுகிறுத்து, அவள்தான் மாத்திரை கொடுத்திருந்தாள். இப்போது வெயில் வேறு. ஒன்றுமில்லை என்று சொல்லத் தலையை ஆட்டினேன். உடம்பு முடியவில்லை என்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. அவள் வேகம் குறைந்தது. நீலச் சட்டைக்காரி ஒருத்தி தாண்டிப் போனாள். மருமகளோ என் பக்கமாக ஒதுங்கி வந்தாள்.

"அத்த, இன்னா பண்ணுது உங்களுக்கு?"

ஓடுபாதைக் கோட்டைத் தாண்டி வெளியே வந்தால் பந்தயம் போச்சு. துள்ளி எழுந்தேன்.

"எனக்கு ஒண்ணும் இல்லடி! ஓடு! ஓடித் தொல!"

என் வாயிலிருந்துதான் அது வந்தது.

"பாட்டி சவுண்டு பாருடா!" என்றான் பின்னால் இருந்தவன். நான் திரும்பவில்லை.

"நீலச் சட்டைய விடாத! புடி அவள!"

நடுவரின் மணி அடித்தது. கடைசிச் சுற்று. நானும் என் மணியின் நாக்கை விட்டேன். மணியும் நானுமாகக் கத்தினோம். முதல் இரண்டு பேர் முன்னால் போய்விட்டார்கள். நீலச் சட்டைக்காரியும் மருமகளும் ஒட்டினாற்போல் முடிவுக் கோட்டைத் தாண்டினார்கள். யார் முந்தியது என்று தெரியவில்லை. நடுவர்கள் கூடிக் கூடிப் பேசினார்கள்.

மருமகள் அங்கே நிற்கவேயில்லை. மூச்சிரைக்க வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அப்போது மைக்கில் மூன்றாம் இடத்துக்கு ஒரு நம்பரைக் கூப்பிட்டார்கள். அவள் சட்டையில் குத்தியிருந்த நம்பர்.

"ஒன்னத்தாண்டி கூப்புடறாங்க, போ" என்று பிடித்துத் தள்ளினேன்.