அம்மாவும் நானும் ஒரே வேளை சாப்பிட்ட காலம்

ஒரு நாளைக்கு எத்தனை வேளை சாப்பிட்டால் உடம்பு இளைக்கும் என்று யாராவது பேச்செடுத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை சாப்பிடச் சொல்கிறவர்களும் உண்டு, ஒரே வேளையோடு வாயைக் கட்டச் சொல்கிறவர்களும் உண்டு. சொல்கிறவர்கள் எல்லாம் நன்றாக இருக்கட்டும். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு வருஷத்துக்கு மேல் நான் ஒரே வேளை சாப்பிட்டவள். பசியைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். கூட வந்த கெட்ட பெயரைத்தான் பொறுக்க முடியவில்லை.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. திருத்தணியில் எங்கள் வீட்டில் நைனா கைத்தறி நெய்தார். அம்மாவும் நானும் ராட்டையில் தறிக்கு நூல் சுற்றித் தருவோம். நைனா நெய்ததைப் பொதட்டூர்பேட்டைக்கு பஸ்ஸில் கொண்டுபோய் வியாபாரியிடம் போடுவார். நான் ஒரே பெண். பிறந்ததிலிருந்தே பூசின உடம்பு, வயதுக்கு வந்தபின் இன்னும் பெருத்தேன். முதல்முதலாக கனகம்மாசத்திரத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பையனின் அம்மா என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். "மூக்கும் முழியும் லட்சணமாத்தான் கீது. உடம்புதான்..." என்று இழுத்தாள். ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். அனுப்பவே இல்லை.

மறுநாள் காலையில் எனக்குக் கூழ் கிடைக்கவில்லை. "கிருத்திகைக்கு ஒரு நாள் பட்டினி கெடந்தாலே எனக்கு ஒடம்பு லேசாப் பூடுது. நீ தெனமும் கிருத்திகைன்னு நெனச்சிக்கோ" என்றாள் அம்மா. மத்தியானம் ஒரு தட்டு சோறு, குழம்பு. அதோடு சரி. எனக்கும் இளைக்க ஆசைதான். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை.

முதலில் கொஞ்சம் இளைத்தேன். அப்புறம் நின்றுவிட்டது. அம்மா மாசாமாசம் ரயில்வே ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் எடை மிஷின்மேல் ஏற்றுவாள். காசு போட்டால் விளக்கெல்லாம் சுற்றி, எடை அச்சடித்த அட்டை வந்து விழும். போன மாசத்து எடையே இந்த மாசமும் இருக்கும். அம்மா அட்டையைப் பார்ப்பாள், என் வாயைப் பார்ப்பாள்.

"எங்கடி போய் துன்னுகினு வர?"

சத்தியமாக இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. பொட்டுக்கடலை மாவு டப்பாவில் மாவைத் தட்டிச் சமமாக்கி, விரலால் ஒரு கோடு கிழித்து மூடிவைத்தாள். மறுநாள் கோடு அப்படியே இருந்தது. அதைப் பார்த்தாவது நம்புவாள் என்று நினைத்தேன். என் அம்மாவா? "துன்னுட்டுத் திரும்பக் கோடு போட்டு வெச்சிக்கீறா. கைகாரி" என்றாள்! சிரிப்பதா, தலையை முட்டிக்கொள்வதா?

பக்கத்து வீட்டுக்குப் போய்வந்தால் வாசலிலேயே நிறுத்தி "வாய ஊது" என்பாள். குனிந்து மோந்து பார்ப்பாள். தறிக்குழிக்குள்ளிருந்து நைனா, "விட்ருமே, பாவம்" என்பார். அவர் பேச்சு தறிச்சத்தத்தோடு போய்விடும். கடைசியில் அம்மா தெருமுழுக்கச் சொல்லி வைத்தாள், யாரும் எனக்கு எதுவும் தரக்கூடாது, நான் திருடித் தின்கிறவள் என்று. கடையில் பொரி மூட்டைப் பக்கம் நான் நின்றால் கடைக்கார அம்மாள் மூட்டையின் வாயைச் சுருட்டிப் பிடித்துக்கொள்வாள். செத்துப்போகலாம் போல இருந்தது எனக்கு.

ஒருநாள் அதே ஸ்டேஷனில், அதே எடை. "மலையப் பாத்து சத்தியம் பண்ணு" என்றாள் அம்மா. மலைப்பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டு, முருகன்மேல் ஆணையாகத் திருடவில்லை என்றேன். "சாமி மேலயே பொய் சத்தியமாடி?" என்றாள். எனக்கு வெறி வந்துவிட்டது. பிளாட்பாரம் என்றும் பார்க்காமல் கத்தினேன்.

"நீயும் எங்கூட ஒரே வேளை துன்னு! ராத்திரி பகல் எங்கூடயே இரு! அப்பவாச்சும் நம்புவியா?"

"ஆங், இருக்கறேன்டி. பாத்துடலாம்" என்றாள்.

சொன்னதைச் செய்தாள். அவள் ரோஷக்காரி. ஒரே பானைச் சோறு, ஒரே கரண்டி அளவு, இரண்டு தட்டு. கொல்லைப்பக்கம் போனாலும் கூடவே வந்தாள். படுக்கும்போது தன் முந்தானையை என் தாவணியோடு முடிச்சுப் போட்டுக்கொள்வாள்.

மாசம் போகப் போக அவள் ரவிக்கை தோளிலிருந்து நழுவ ஆரம்பித்தது. ராட்டை சுற்றும்போது கை நடுங்கி நூல் அறுந்தது. முதலில் எல்லார்மேலும் எரிந்து விழுந்தாள், பிறகு எரிந்து விழவும் தெம்பில்லாமல் உட்கார்ந்திருந்தாள். நானோ அப்படியே இருந்தேன். முடிதான் கொத்துக் கொத்தாகக் கொட்டியது. சித்திரை வெயிலில் எனக்குக் குளிர்ந்தது, போர்வையைச் சுற்றிக்கொண்டு நூல் சுற்றினேன். ரொம்ப வருஷம் கழித்து ஒரு டாக்டரம்மாவிடம் இதைச் சொன்னபோது, "சோத்தைக் குறைச்சா உடம்பும் தன் செலவைக் குறைச்சிக்கும்மா. எத்தனை வேளைங்கறதுல பெரிசா ஒண்ணுமில்ல. எல்லா உடம்பும் ஒரே மாதிரியும் இல்ல" என்றார். அப்போது அதை எங்கள் வீட்டில் யார் அறிவார்கள்?

ஆடிக் கிருத்திகை வந்தது. விரதத்தோடு மலையேறினோம். பாதிப் படியில் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கண் இருட்டுகிறது என்றாள். காவடிகள் எங்களை இடித்துக்கொண்டு மேலே போய்க்கொண்டிருந்தன. அவளை அள்ளித் தூக்கி ஓரத்து நிழலுக்குக் கொண்டுபோனேன். கனமே இல்லை. என் அம்மாவை இப்படி ஆக்கிவிட்டேனே! கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்தாள்.

"உனக்குத் தெனமும் இப்பிடித்தான் பசிக்குமாடி?"

"ஆங்" என்றேன்.

அம்மா முந்தானையிலிருந்த காசைக் கொடுத்துப் புளிச்சோறு வாங்கிவரச் சொன்னாள். வாங்கிவந்ததும் முதல் கவளத்தை என் வாயருகே நீட்டினாள். விரதம் என்றேன். "சாமி ஒண்ணும் கோச்சிக்காது, துன்னு" என்றாள். அன்று முதல் எனக்கு மூன்று வேளையும் சோறு போட்டாள். ஆனால் நீ திருடவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தைக்காக நான் காத்துக்கொண்டே இருந்தேன். சோறு திரும்பி வந்துவிட்டது, என் பெயர் திரும்பி வரவில்லை. கடைக்கார அம்மாள் இன்னமும் மூட்டையின் வாயைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள்.

அடுத்த தையில் மணவூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். வாசலில் தெருப் பெண்கள் எல்லாம் கூடிவிட்டார்கள், கடைக்கார அம்மாளும் இருந்தாள். நான் காப்பி கொடுத்துவிட்டு உள்ளே வந்தேன். மாப்பிள்ளையின் அத்தை சிரித்துக்கொண்டே, "ராத்திரி சோத்த நிறுத்துங்க. தன்னால எளச்சிடும்" என்றாள். நைனா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா எழுந்து நின்றதைக் கதவிடுக்கில் பார்த்தேன்.

"எல்லாம் நிறுத்திப் பாத்தாச்சுங்க" என்றாள். குரல் வாசல்வரை கேட்டது. "ஒரே வேளை துன்னு கெடந்தா எம் பொண்ணு. திருடித் துன்றான்னு நாந்தான் தெரு பூரா சொன்னேன். நானே கூட இருந்து, அவ துன்னதயே துன்னு பாத்தேன். எம் பொண்ணு ஒரு பருக்கை திருடல. அவ ஒடம்பு வாகு அது. புடிச்சிருந்தா கட்டிக்குங்க, புடிக்கலன்னா காப்பியக் குடிச்சிட்டுக் கெளம்புங்க."

அவர்கள் காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். அந்தச் சம்பந்தம் போனதில் எனக்கு ஒரு துளி வருத்தமில்லை. அடுப்படியில் உட்கார்ந்து முந்தியை வாயில் அடைத்துக்கொண்டு, சந்தோஷம் தாங்காமல் அழுதேன்.